நீலப்பூச் சட்டி

பிப்ரவரி 10, திங்கள்

மத்தியானம் வந்து சேர்ந்தேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று வாசலில் ஆலத்தி எடுத்தார்கள். இன்று ஒரு பெண் என் மணிக்கட்டில் பச்சைக் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டினாள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்குக் கட்டுவார்களே, அதேதான்.

"இதக் கழட்டிடாதீங்க ஆச்சி. இது இருந்தாத்தான் எல்லா எடத்துக்கும் போகலாம். இல்லன்னா செக்யூரிட்டி நிறுத்திடுவாங்க."

பெயர் ரித்திகா. சென்னைப் பெண். ஓவியம், சிற்பம் பற்றி வெளிநாட்டில் படித்தவளாம். வீடு இப்போது கலைக்கூடம் ஆகிவிட்டதால் அவள் அதற்குப் பொறுப்பாளர். கீழே ஓவியம் பார்க்கலாம், மேலே ராத்தங்கலாம், காசு கட்டினால் யாரும் வரலாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதற்கு முன்னால் ஒத்திகை மாதிரி சிலரை வரவழைத்துத் தங்க வைத்திருக்கிறார்கள். என் வீட்டை எனக்கே சுற்றிக் காட்டவா என்று கேட்டாள். வழி தெரியும் என்றேன்.

என் கணவரின் தாத்தா பர்மாவில் சம்பாதித்துக் கட்டியது இது. முற்றத்தைச் சுற்றி இருக்கும் கூடத்தை வளவு என்போம். வளவை ஒட்டிய ஒவ்வோர் அறையையும் எங்களில் 'வீடு' என்றே சொல்வது. ஒரு மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கு ஒரு வீடு, அதற்கு ஒரு சாவி. நல்லது கெட்டது எதுவானாலும் வளவில்தான் நடக்க வேண்டும். மற்றப் பங்காளிகள் எல்லாரும் சாவியைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். பாக்கி நான் ஒருத்திதான். என் கணவர் இறந்த நாளிலிருந்து வயிரவன் போன் மேல் போன். வயிரவன் அவருடைய அண்ணன் மகன். கலைக்கூடம் அவன் யோசனை.

பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டில், என் மகள் தேனு பிறந்ததிலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று நான் சேர்த்த சாமான் இருக்கிறது. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்புவது. அவ்வளவுதான் வேலை.

வளவு முழுக்கச் செருப்போடு நடக்கிறார்கள். வௌவால் புழுக்கை நாற்றத்தின் மேல் என்னவோ எலுமிச்சைப்புல் வாசனையைத் தெளித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் வௌவால் சும்மா நாறும். இப்போது குளித்துவிட்டு நாறுகிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

இருபது வருஷம் பெண்கள் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். தவளையை அறுத்துக் காட்டிவிட்டு அதே மேசையில் டிபன் பாக்ஸைத் திறந்தவள். எனக்குச் சுலபத்தில் அருவருப்பு வராது. இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

காலையில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வளவுக்கு அடுத்த இரண்டாம் கட்டில் நீள மேசை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, படம் பிடிக்கும் ஒரு டச்சுக்காரர், தலைமாட்டில் பெரியவர். பெரியவர் என்றால் வயிரவனின் அப்பா, சாத்தப்பன். எண்பதைத் தாண்டியும் இடுப்பு வளையவில்லை. கழுத்தும் எதற்காகவும் வளைந்ததில்லை. அந்தக் காலத்தில் அவர் முன்னால் நான் நின்று பேசியதில்லை. இப்போது எதிரே உட்கார்ந்து இட்லி தின்கிறேன்.

மேசையின் நடுவில் பூ வைத்திருந்தார்கள். தாமரை மொட்டு நான்கு. எதில் வைத்திருந்தார்கள்? பித்தளைப் படிக்கத்தில். வெற்றிலைச் சாற்றைத் துப்புகிற படிக்கத்தில்! "வாட் எ லவ்லி வாஸ்" என்று பெங்களூர் அம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். மூன்று தலைமுறை துப்பியது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பக்கத்தில் பழம் இருந்தது. அழகாகத் துண்டு போட்ட பப்பாளி, மேலே புதினா இலை. பப்பாளி இருந்த பாத்திரத்தைப் பார்த்ததும் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

வெள்ளை எனாமல் சட்டி. ஒற்றைக் கைப்பிடி. வயிற்றைச் சுற்றி நீலப்பூ. விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு எனாமல் தெறித்த கறுப்பு வடு. அந்த வடு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஆறு வயதில் தேனு, "நான் தேய்க்கிறேன் ஆத்தா" என்று வாங்கிக் கிணற்றடியில் கைதவறிப் போட்டாள். என் மாமனார் படுக்கையில் கிடந்த நாலு வருஷமும் அவருடைய கட்டிலுக்கடியில் இருந்த சட்டி அது. ராத்திரியில் ஒரு தடவை, விடியற்காலையில் ஒரு தடவை, மற்றபடி அவர் கூப்பிடுகிறபோதெல்லாம், நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டுவேன்.

மகன்கள் யாரும் அந்தச் சட்டியின் முகத்தைப் பார்த்ததில்லை. மருமகள் முந்தானையில் மறைத்து எடுத்துப் போவது முறை. அதனால்தான் பெரியவர் இன்று கரண்டியை எடுத்து, அதிலிருந்து நாலு துண்டு வைத்துக்கொண்டார்.

"சாப்பிடு உண்ணாமலை. தோட்டத்துப் பழம்," என்றார்.

"எனக்குச் சளி," என்றேன்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. டச்சுக்காரர் இரண்டாவது முறை எடுத்து வைத்துக்கொண்டதைப் பார்த்து, வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. பெரியவர் கடைசித் துண்டைத் தின்றுவிட்டு விரலைத் துடைத்ததை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் இரண்டு தோசை. பழம் வேண்டாம் என்று சமையல்காரரிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இன்று சட்டியில் தர்பூசணி.

வேலை இல்லாததால் ஓவியங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஆச்சி. தொங்கிய காது, காலணா அகலப் பொட்டு, பாக்கு இடிக்கிற உரல். பத்து ஓவியர்கள் பத்து ஊரிலிருந்து வந்து ஒரே ஆச்சியை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓர் ஆச்சி முகத்திலாவது, "எப்படா இந்த விருந்து முடியும், காலை நீட்டுவோம்" என்கிற நினைப்பு இருக்கிறதா என்றால் இல்லை. எங்களை எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் வரையவில்லை போலிருக்கிறது.

வளவில், தெற்குத் தூணுக்குப் பக்கத்தில், ஒரு குவியல். கிட்டப் போய்ப் பார்த்தேன். பழைய செருப்புகள். ஆள் உயரத்துக்குக் குவித்து, சுண்ணாம்பு மாதிரி எதையோ மேலே ஊற்றியிருக்கிறார்கள். 'பயணம்' என்று பெயர் எழுதிக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றுக்குள் போகக்கூடாதாம். ஊரான் கழற்றிப் போட்ட செருப்பு வளவுக்குள்ளே நிற்கலாம், நாம் அதைத் தொடக்கூடாது. அந்தத் தூணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாடிக்கு வந்துவிட்டேன்.

பின்கட்டில் இருட்டாக ஒரு மூலை உண்டு. மாதத்தில் மூன்று நாள் எங்களை உட்கார வைத்த இடம். சாக்கை விரித்து, தட்டைத் தள்ளிவிடுவார்கள். இப்போது அங்கே மெத்தை திண்டெல்லாம் போட்டு 'ரீடிங் கார்னர்' என்று எழுதியிருக்கிறது. டச்சுக்காரர் காலை நீட்டிப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். வீடு வீடாக இருந்தபோதும் குமட்டியது, கலைக்கூடம் ஆன பிறகும் குமட்டுகிறது. எது அதிகம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கள் வீட்டைத் திறந்தேன். அவர் போன அன்று பூட்டியது. திறந்ததும் வந்த நாற்றத்தில் ரித்திகா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பித்தளை அண்டாவுக்குள் செத்துக் காய்ந்த எலி. வாலைப் பிடித்துத் தூக்கினேன்.

"ஒரு நிமிஷம் ஆச்சி, அப்படியே பிடிங்க," என்று போட்டோ எடுத்தாள். எலியை வெளியே எறிந்துவிட்டு வந்து விளக்குமாற்றைக் கையில் எடுத்தால், ஓடிவந்து தடுக்கிறாள்.

"ஒட்டடை இருக்கட்டும் ஆச்சி. அதுதான் ஃபீல். விசிட்டர்ஸுக்கு அது பிடிக்கும்."

"எலிப்புழுக்கையுமா இருக்கட்டும்?"

"கொஞ்சமா…" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் அவள் பேச்சைக் கேட்காமல் மூலை முடுக்கெல்லாம் பெருக்கிவிட்டேன். பாவம், என் பின்னாலேயே வந்து, நான் கூட்டித் தள்ளியதில் ஒரு கைப்பிடி ஒட்டடையைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

சாமான் எல்லாம் அப்படியே இருக்கிறது. அண்டா, குடம், தூக்கு, அடுக்கு, பிரம்புப் பெட்டி, பாய், எவர்சில்வரில் எத்தனையோ. எங்களில் பெண் பிறந்தால் தொட்டிலில் கிடக்கும்போதே சாமான் வாங்க ஆரம்பித்துவிடுவோம். ஒவ்வொன்றிலும் 'தேனம்மை' என்று பெயர் வெட்டியிருக்கிறது. கல்யாணத்தன்று வளவில் பரப்பி வைத்து ஊரைக் கூட்டிக் காட்டுவது வழக்கம். தேனுவின் சாமானை யாரும் பரப்பவில்லை. அவள் தன்கூட வேலை பார்த்த பிரிட்டோவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு பேரும் மாட்டு டாக்டர்கள், தஞ்சாவூரில் இருக்கிறார்கள். பதினாலு வருஷம் ஆகிறது. பிரிட்டோ தங்கமான பையன்.

வயிரவன் வந்தான். வண்டி எப்போது வரும் என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"சின்னாத்தா, இந்தச் சாமானெல்லாம் புத்தகத்துல அச்சடிச்சாச்சு. இந்த ரூமுக்கு 'மணமகள் அறை'ன்னு பேரு. இங்க படுக்குறவுக சாமானுக்கு நடுவுலயே படுக்கலாம். இதுதான் நம்ம ஸ்பெஷலே."

"என் மக சாமான்டா அது."

"அவதான் ஒண்ணும் வேணாம்னு போய்ட்டாளே," என்று கதவுக்கு வெளியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது. உள்ளே வரவில்லை. தம்பி வீட்டுக்குள் அண்ணன் வரமாட்டார், அதுவும் முறை. எல்லாவற்றுக்கும் முறை உண்டு இவர்களிடம்.

பிப்ரவரி 14, வெள்ளி

தேனுவுக்குப் போன் செய்தேன். சாமானைக் கொடுக்க மறுக்கிறார்கள், வக்கீலைப் பார்ப்போமா என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு ஆத்தா அண்டாவும் குண்டானும்? ரெண்டு ரூம் குவார்ட்டர்ஸ்ல எங்க வைக்க? அவுகளே வச்சுக்கட்டும்."

"அப்ப உனக்கு ஒண்ணும் வேணாமா இங்கேர்ந்து?"

மாடு கத்துவதுதான் கேட்டது, எங்கேயோ தொழுவத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அப்பச்சியக் கெடத்தியிருந்தாகள்ல, அந்த எடத்துல ஒரு நிமிசம் உக்காரணும். அது ஒண்ணுதான். எங்க கெடத்துனாக?"

"தெற்குத் தூணுக்குப் பக்கத்துல."

இப்போது அந்த இடத்தில் என்ன குவிந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அவளுடைய அப்பச்சி, என் கணவர், தேனு வீட்டுப் படியை மிதித்ததே இல்லை. நான் மாதம் ஒரு தடவை போய் வருவேன். திரும்பி வந்ததும், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன சமைச்சிருந்தா?" என்று மட்டும் கேட்பார். என்ன குழம்பு, என்ன பொரியல், உப்பு சரியாக இருந்ததா, எல்லாம் சொல்ல வேண்டும். கடைசி மாதம் வரைக்கும் கேட்டார்.

அவர் போனபோது இங்கே கொண்டுவந்து வளவில் கிடத்தியிருந்தது. தேனு வந்தாள். முகப்பில் பெரியவர் நின்று, "வாசலோட நின்னுக்க. தூக்கிட்டு வர்றப்ப பாத்துக்க," என்று சொல்லிவிட்டார். அவள் தெருவில் வெயிலில் நின்றாள். பாடை இறங்கும்போது முகத்தைப் பூ மூடியிருந்தது, சரியாகத் தெரியவில்லையாம். நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வாசலுக்கு வரக்கூடாது, முறை இல்லை. கொசு கடிக்கிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அதே நாள், சாயங்காலம்

பெரியவரிடம் நேராகவே கேட்டேன். தேனு ஒரே ஒரு தடவை வளவு வரைக்கும் வந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

"அது முடியாது உண்ணாமலை. சாமி வீடு இருக்கு. முன்னோர் இருக்காக."

"பெங்களூர்க்காரர் பூட்ஸோட நடக்குறாரே. முன்னோர் ஒண்ணும் சொல்லலையா?"

"அவுக விருந்தாளி. மூணாம் மனுசன் வரலாம், போகலாம், அதுல தோசமில்ல. நம்ம வீட்டுப் புள்ள தப்புப் பண்ணிட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அப்பறம் நாளைக்கு எல்லாரும் இதையே பண்ணுவாக."

கத்திப் பேசவில்லை. வெந்நீர் வைத்தாயா என்று கேட்பது மாதிரிச் சொன்னார். எலியைத் தூக்கியபோது வராத குமட்டல் எனக்கு இப்போது வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

வக்கீல் பத்திரத்தோடு வந்திருந்தார். "சாவி இந்தா வயிரவா, விழாவுக்கு அறையை அலங்காரம் பண்ணிக்க. கையெழுத்தைத் திங்கக்கிழமை பாத்துக்கலாம்," என்றேன். ஏன் என்று கேட்டான். அன்றைக்குத்தான் நாள் நன்றாக இருக்கிறது என்றேன். நாள் நட்சத்திரம் என்றால் இந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

பிப்ரவரி 15, சனி

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ரித்திகா முகப்பில் கம்ப்யூட்டர் முன்னால் கவலையாக உட்கார்ந்திருந்தாள். மற்ற அறைகள் எல்லாம் நாளைக்கு நிரம்பிவிட்டன. மணமகள் அறைக்கு மட்டும் ஆள் வரவில்லை. வாடகை அதிகம்.

"யாரு வேணும்னாலும் எடுக்கலாமாம்மா?"

"யார் வேணும்னாலும் ஆச்சி. ஆதார் கார்டு இருந்தா போதும்."

"என்ன ஆளுக, என்ன ஜாதி, எந்தக் கோயில்னு கேப்பீகளா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ ஆச்சி, அதெல்லாம் கேக்கவே கூடாது!"

"அப்ப எழுதிக்க. டாக்டர் தேனம்மை பிரிட்டோ. ரெண்டு பேரு."

அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். அந்தப் பெயரைத்தான் வியாழக்கிழமை முழுக்க ஒவ்வோர் அண்டாவிலும் பார்த்து அட்டை எழுதினாள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. படித்த பெண்.

தேனு போனில் முதலில் மறுத்தாள். "காசு குடுத்துட்டா நான் உள்ள வரணும்? அசிங்கமா இல்லையா ஆத்தா?" என்றாள். அசிங்கம்தான் என்றேன். அசிங்கத்தில் வந்து நிற்கிறோம், கால் நனையாமல் போக முடியாது, வா என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

விழா. முகப்பில் வாழை மரம், நாதஸ்வரம். பெரியவர் பட்டு வேட்டியில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரித்திகா பச்சைப் பட்டையோடு. படம் பிடிக்கிறவர்கள் நாலு பேர்.

தேனுவும் மாப்பிள்ளையும் படியேறி வந்தார்கள். நான் தூண் மறைவில் நின்றுகொண்டேன்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. பின்னால் வரிசை. யாரோ பெரிய அதிகாரி, அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள். ரித்திகா எதுவும் தெரியாமல், "வெல்கம் டாக்டர்!" என்று தேனுவின் கையை இழுத்துப் பட்டையை ஒட்டினாள். "இவங்கதான் சார் மணமகள் அறைக்கு நம்ம முதல் கெஸ்ட்!" என்று பெரியவரிடமே அறிமுகம் செய்து வைத்தாள். கேமராக்காரர், "அப்படியே சிரிங்க," என்றார்.

தேனு சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தாள். அவர் அதை நீட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவளே விரலை விட்டுத் தொட்டுக் கழுத்தில் தடவிக்கொண்டாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி முகப்போரம் வைத்தாள். மாப்பிள்ளையும் கழற்றினார். அன்றைக்கு வந்த அத்தனை பேரில் செருப்பைக் கழற்றியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

பெரியவர் என்னைத் தேடி வந்தார். "யாரு இவள உள்ள விட்டது?" உதடு அசையாமல் கேட்டார்.

"மூணாம் மனுசர் வரலாம்னு சொன்னீகளே. டிக்கெட்டு வாங்கிட்டு வந்திருக்காக."

வாசலுக்கே திரும்பிப் போனார். திங்கட்கிழமை கையெழுத்து பாக்கி இருப்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

தேனு வளவுக்குள் வந்து நேரே தெற்குத் தூணுக்குப் போனாள். செருப்புக் குவியலைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இதுவா என்று கண்ணால் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவள் கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாப்பிள்ளை பின்னால் நின்று, யாரும் மேலே இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். பெங்களூர் அம்மாள் மெதுவாகக் கைதட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். என் கணவருக்காக என் மகள் அழுததற்குக் கைதட்டல்! வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ராத்திரி நானும் தேனுவும் எங்கள் வீட்டில் படுத்தோம். மாப்பிள்ளை மாடியில் என் அறைக்குப் போய்விட்டார். ரித்திகா விரித்திருந்த பட்டுக் கட்டிலில் ஒரே பூச்சி மருந்து வாடை. பாயை உதறித் தரையில் போட்டுக்கொண்டோம். அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, 'தொடாதீர்கள்' அட்டையைப் பிய்த்துவிட்டு, தேனு தண்ணீர் குடித்தாள். வாங்கி வைத்த நாளிலிருந்து அந்தச் சாமானை யாரும் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

"நான் கையெழுத்துப் போடட்டுமா வேணாமா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் ஆத்தா," என்றாள். தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கையெழுத்துப் போடாவிட்டால் இது மறுபடி வீடு. வீடாக இருந்தால் தேனு தெருவில் நிற்பாள். இந்தக் கண்றாவியாக இருந்தால்தான் உள்ளே வரலாம். எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் இதுதான் வந்து நின்றது.

காலையில் சாப்பிடப் போனோம். கூட்டம். பெரியவர் தலைமாட்டில் இருந்தார். காலியாக இருந்தது அவருக்குப் பக்கத்து நாற்காலிகள்தான். மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம், தேனு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தோம். நடுவில் சட்டி. இன்று மறுபடி பப்பாளி.

தேனு சட்டியைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். கட்டைவிரல் மெதுவாகப் போய் அந்தக் கறுப்பு வடுவைத் தொட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கண் விரிந்திருந்தது. தெரிந்துவிட்டது அவளுக்கு. நான் லேசாகத் தலையை ஆட்டினேன். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்கும் வயிற்றுக்குள் சிரிப்பு புரண்டது. இதோ, இப்போது சொல்லிவிடலாம், அத்தனை பேர் முன்னாலும் உரக்கச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அப்போது பெரியவர் தொண்டையைச் செருமினார். இட்லியைப் பிட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், கேட்டார்.

"ராத்திரி… புழுக்கமா இருந்துச்சா உள்ள?"

"இல்ல பெரியப்பச்சி," என்றாள் தேனு.

அவர் இன்னும் ஒரு வாய் இட்லியை மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தச் சட்டியைத் தூக்கினார். வயசான கை, ஆட்டம் கண்டது. எழுந்து நின்று, அதை மேசைக்குக் குறுக்கே அவள் பக்கம் நீட்டினார்.

"பழம் எடுத்துக்க. தோட்டத்துப் பழம்."

இந்த வீட்டில் அவளுக்கு யாரும் எதையும் நீட்டிப் பதினாலு வருஷம் ஆகிறது. நீட்டியதைப் பார், எதில் நீட்டியிருக்கிறார் பார். வேண்டாம் என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியை எடுக்கவில்லை. கையாலேயே ஒரு துண்டு எடுத்தாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"நல்லா இனிக்குது பெரியப்பச்சி," என்றாள்.

அவர் "உம்" என்றார். உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். தேனு சட்டியை வாங்கி, இன்னொரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

நான் தவளை அறுத்தவள். நாலு வருஷம் அந்தச் சட்டியைச் சுமந்தவள். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

பத்து மணிக்கு வக்கீல் வந்தார், கையெழுத்துப் போட்டேன். சட்டி எதற்கானது என்று யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. மேலே வந்து மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். இனிப்பு இன்னும் போகவில்லை.